வண்டியை அனுப்ப மறுத்தவர்

"நெருக்கடியில் முடிவெடுக்கத் தயங்குபவர். மேலதிகாரியின் கட்டளையை மதிக்காதவர்." எங்கள் படைப்பிரிவு அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்த எத்தனையோ வரிகளில் இந்த இரண்டும் மட்டும் இன்றும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கின்றன. ராணுவத்தில் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவரைப் பற்றியும் மேலதிகாரி ரகசிய அறிக்கை எழுதுவார். பாதகமான குறிப்பு இருந்தால், அந்தப் பகுதியை மட்டும் நகலெடுத்து உரியவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். குமாஸ்தாவான நான்தான் அந்த நகலை அடித்தேன். நான்தான் அதை எங்கள் வண்டிப் பிரிவு ஹவில்தார் முன்னால் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பேனா அழுந்திய இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

அவர் பூலாம்பாடிக்காரர். நான் உடையார்பாளையம். வடக்கே மலைமேல் இருந்த அந்த முகாமில் எங்கள் ஊர்ப்பேச்சைப் பேச எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவர் செய்த குற்றம் இதுதான்: பனி உறைந்த ஒரு காலையில், பன்னிரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு புறப்படவிருந்த லாரியின் பிரேக் சரியில்லை என்று பதிவேட்டில் எழுதி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் அறிக்கைகளை எழுதும் மேஜர் கத்தினார். அவர் கொடுக்கவில்லை. வேறு வண்டி வரவழைத்து, மூன்று மணி நேரம் தாமதமாக ஆட்கள் போனார்கள். விபத்து எதுவும் நடக்கவில்லை. நடக்காததாலேயே அவர் சொன்னது சரி என்று காட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஒன்றுமில்லை என்பதும் பொய். இரண்டு வாரம் கழித்து, அந்த லாரியின் பிரேக் குழாய் விரிசல் விட்டிருந்ததாக ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மேஜர் படித்துவிட்டு ஃபைலில் போடச் சொன்னார். போட்டேன். ஹவில்தாருக்கு அது தெரியாது.

அந்தக் குறிப்பு நின்றால் அவருக்கு சுபேதார் வரிசைக்குப் பதவி உயர்வு கிடையாது. ஹவில்தாராகவே ஓய்வுபெற்று ஊர் திரும்ப வேண்டியதுதான். மேல்முறையீட்டுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் விடுப்பில் வந்திருந்த நேரத்தில், பஸ் மாறி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஒர்க்‌ஷாப்புலேருந்து ரிப்போர்ட் ஏதாச்சும் வந்துச்சுங்களா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

என் அடுத்த அறிக்கையை எழுதப்போவதும் அதே மேஜர்தான். பதவி உயர்வுக்கு நானும் காத்திருந்தேன்.

"பாத்த ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

"சரிங்கண்ணே" என்றார். நாளை மறுநாள் காலை பெரம்பலூரில் சென்னை பஸ் ஏறப்போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே வந்தாள். "ஞாபகம் இல்லாதவரு ஏன் அவரு மூஞ்சியப் பாக்காம பேசுனீங்க?" என்றாள். அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. எங்கள் டிரைவரால் எதையும் முந்த முடியவில்லை. அவர் போயிருந்தால் நல்லது என்றும், போயிருக்கக் கூடாது என்றும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் இரும்புப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துச்சுப்பா. பிரேக் பைப்புல விரிசல்னு ரிப்போர்ட் வந்துச்சு. நான்தான் ஃபைல்ல வச்சேன்."

பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார். "நீங்க சொன்னதா எழுதலாங்களா? யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. அவருதான உங்களுக்கும் ரிப்போர்ட் எழுதணும்."

கண்டக்டர் விசில் அடித்தார்.

"எழுது. எம் பேரப் போட்டே எழுது."

மனு மேலிடம் போயிற்று. அங்கிருந்து ஃபைலைக் கேட்டு ஆள் வந்த அன்று மேஜர் என்னை அழைத்தார். "உனக்கு ஞாபகசக்தி அதிகம்" என்று இந்தியில் சொன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏழு மாதம் கழித்து அந்த இரண்டு வரிகளையும் நீக்கி உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு அவர் தோளில் நட்சத்திரம் ஏறியது. வேறு முகாமுக்கு மாற்றலாகிப் போனார். என் அறிக்கையில் "சராசரி" என்று மட்டும் இருந்தது; பாதகமான குறிப்பு இல்லை என்பதால் யாரும் என்னிடம் காட்டவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லாதபோதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் நான் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, அடுத்த விடுப்பில் மறுபடி என் வீட்டுக்கு வந்தார். கையில் என் பெயரில் எழுதிய மேல்முறையீடு. நடந்ததை வரிசையாக எழுதி, கடைசியில் சாட்சி என்று தன் பெயரைப் போட்டிருந்தார்.

"எனக்கு இன்னும் மூணு மாசம்தாம்ப்பா சர்வீஸு" என்றேன்.

"இருக்கட்டுங்கண்ணே. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். நான் ஓய்வுபெற்று வந்த பிறகுதான் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. என் மனைவி அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"அவரு பேரு இதுல இருக்கா?"

"இருக்கு. சாட்சி சொன்னவருன்னு இருக்கு."

அவள் அதை மடிப்புக் கலையாமல் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தாள்.