கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன்

மீரான் இறந்த மௌத்துச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னபோது வீட்டில் நான், என் மகள் ஜன்னத், அவள் மாப்பிள்ளை சாகுல், என் அண்ணன் மனைவி பாத்திமா மைனி நான்கு பேரும் இருந்தோம். சில வருஷங்களுக்கு முன்னால் அன்று சாகுலின் வேனில் இருந்ததும் இதே நான்கு பேர்தான்.

"என் மூச்சை அடைச்சவன். அல்லா அவனை மன்னிக்கட்டும்" என்றார் மைனி. நான் சாகுலைப் பார்த்தேன்.

மேலப்பாளையத்தில் வேன் வைத்திருக்கும் உங்களுக்கெல்லாம் ஏசி மெக்கானிக் மீரானைத் தெரியும். எனக்கு இளையவன், என்னை அக்கா முறையில் லாத்தா என்பான்; அவன் என்றே எழுதுகிறேன். வேலை முடிந்ததும் வேன் கதவை அடைத்து, ஏசியை ஓடவிட்டுக் கடைசி சீட்டில் அரைமணி நேரம் அசையாமல் இருப்பான். கேட்டால், "முன்னால இருக்கவனுக்கு எந்த ஏசியும் நல்ல ஏசிதான்" என்பான்.

ஒருநாள் ஐஸ் தண்ணீர் டம்ளருக்குள் ஒயரை விட்டு மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, சர்பத்துக்குக் காய்ச்சலா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒயர் நுனியில் மொச்சைக்கொட்டை அளவில் இருந்த சென்சாரைக் காட்டினான். "இது கூலிங் காயிலுக்குள்ள இருக்கும் லாத்தா. ஐஸ் கட்டுததுக்கு முன்னால கம்ப்ரசரை நிப்பாட்டும். ஏசிக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. இதுதான் சொல்லும்."

சாகுல் வாடகைக்கு ஓட்டும் வேனிலும் மீரான்தான் அதை மாட்டியிருந்தான். சாகுலுக்கு அது பிடிக்கவில்லை. ஏசி நின்று நின்று ஓடுகிறது என்று சவாரிக்காரர்கள் குறை சொன்னார்களாம். யாரிடமும் சொல்லாமல் சென்சாரை வெட்டிவிட்டு, கம்ப்ரசருக்கு நேர் ஒயர் கொடுத்துவிட்டான். அது தெரியாமல்தான் கூடங்குளத்துக் கல்யாணத்துக்கு அதில் ஏறினோம். முதலில் நல்ல குளிர். நாங்குநேரி தாண்டியதும் காயிலில் ஐஸ் அடைத்துக் காற்றே வரவில்லை. கண்ணாடி திறக்க முடியாத வேன், சித்திரை வெயில்.

"நிப்பாட்டு" என்றேன்.

"இந்தா ஊர் வந்துட்டு மாமி" என்றான்.

வீசிங் உள்ள மைனி மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பிழைத்தார். அந்த வாசலில் வைத்தே சாகுல் எல்லாரிடமும், "மீரான் பார்த்த வேலை லெச்சணம் இதுதான்" என்றான். வேன் ஸ்டாண்டு முழுக்க அது பரவியது.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் மீரான் வேன் ஏசியைத் திறந்தான். வெட்டிய சென்சார் உள்ளே தொங்கியது. பக்கத்தில் நான் மட்டும்தான்.

"இப்பவே தெருவைக் கூட்டிச் சொல்லுதேன்" என்றேன்.

"வேண்டாம் லாத்தா. ஜன்னத் மாசமா இருக்கா, இப்ப வீட்டுல சண்டை கூடாது. பிள்ளை பிறக்கட்டும். சாகுலே சொல்லிருவான்."

சாகுலைப் பிடித்துக் கேட்டேன். "சொல்லிருதேன் மாமி" என்றான்.

பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மீரானிடம் வண்டிகள் வருவது நின்று, ஷெட்டை மூடிவிட்டு இன்னொருவரிடம் கூலிக்குப் போனான். வழியில் என்னைக் கண்டால் "சொல்லிட்டானா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பேரன் ஒழுங்கா சாப்பிடுதானா லாத்தா?" என்றுதான் கேட்பான். சாப்பிடுகிறான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வாயை மூடியிருந்த குற்றம் எனக்கும் உண்டு. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்: மீரான் வேலையில் குறை இல்லை. மைனியிடமும் சொல்லிவிட்டேன். அவர் அழுதார். வெட்டிய சென்சார் என் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. அவனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

செய்தி வந்த அன்று மைனி அப்படிச் சொன்ன பிறகும் உண்மையைச் சொல்லாமல், "எத்தனை மணிக்கு எடுக்காங்கன்னு கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனான் ஒருவன். மீரானின் ஜனாஸா எங்கள் தெரு வழியாகப் போனபோது முன்னால் தோள் கொடுத்ததும் அவன்தான். அவனை நான் மன்னிக்கப் போவதில்லை. என் மருமகன் சாகுல்.