அசுரனுக்கு அப்பாவின் முகம்

எங்கள் ஊர்க் காளியம்மன் கோயில் முகப்பில், அம்மன் காலடியில் ஓர் அசுரன் கிடக்கிறான். அவனுக்கு முகம் கொடுத்தவர் என் அப்பா. காட்டிக் கொடுத்தவள் நான்.

அப்பாவின் கோபம் நாலு ஊர் தள்ளியிருக்கிற குரும்பகரம் வரைக்கும் பேர் வாங்கியது. வருவதற்கு முன்னால் இடது புருவம் மேலே ஏறும். கீழுதட்டைப் பல்லால் கடிப்பார். பிறகு சாப்பாட்டுத் தட்டு வாசலில் போய் விழும். அந்த வருஷம் தட்டு அடிக்கடி விழுந்தது. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டி, மிச்சமிருந்தால்தான் எங்கள் கடைமடைக்கு வரும். அந்த வருஷம் வரவில்லை. நட்ட பயிர் மஞ்சளாகிக் கிடந்தது. அதற்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கிற வயசு எனக்கில்லை.

அப்போதுதான் கோயில் திருப்பணி நடந்தது. கும்பகோணம் பக்கத்திலிருந்து, சுண்ணாம்புச் சாந்தில் சிலை பிடிக்கிற சுதை வேலைக்காரர் ஒருவர் வந்திருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். அம்மனை அழகாகச் செய்துவிட்டார். அசுரன்தான் அமையவில்லை. எத்தனை முறை செய்தாலும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரியே சிரித்த முகமாக வந்தான். ஊரே கேலி செய்தது. யாராவது கொஞ்சம் கோபப்பட்டுக் காட்டுங்கள் என்று அவர் கேட்டுப் பார்த்தார். கேட்டால் வருமா கோபம்? எல்லோரும் சிரித்தார்கள்.

வேலைக்காரருக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சோறு போடுவது வழக்கம். எங்கள் முறை வந்த அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை என்று அப்பா தட்டை எறிந்தார். அம்மா மறுபடி உலை வைத்து, தூக்குவாளியை என்னிடம் கொடுத்து அனுப்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று வேலைக்காரர் கேட்டார். வாயால் சொல்ல எனக்குப் பயம். புருவத்தை ஏற்றி, உதட்டைக் கடித்து, அப்பா பார்க்கிற மாதிரியே பார்த்தேன்.

அவர் சோற்றை மறந்துவிட்டார். சாந்து பூசுகிற கரணையை எடுத்துக்கொண்டு, "இன்னொரு தரம் காட்டும்மா" என்றார். காட்டினேன்.

எனக்கு ஒரு சந்தேகம். அம்மனும் கோபமாகத்தானே இருக்கிறாள், அவளை மட்டும் ஏன் கும்பிடுகிறோம் என்று கேட்டேன். அவர் வேலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: "அவ கோவம் கையோட நிக்கிது, சூலத்துல. மூஞ்சியப் பாரு, அமைதியா இருக்கா. இவனுக்குத்தான் மூஞ்சியெல்லாம் ஏறிப்போச்சு."

மறுநாள் சாயங்காலம் கடல்காற்று சாரத்தில் கட்டியிருந்த சாக்குப் படுதாவைப் பிய்த்துக்கொண்டு போனது. விளக்குப் போட வந்த கூட்டம், அம்மாவும் நானும் உட்பட, அண்ணாந்து பார்த்தது. முதலில் வாயைத் திறந்தவள் அத்தை. "அட, எங்க அண்ணன்ல்ல படுத்துக் கிடக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மண்வெட்டியும் தோளுமாக வயலிலிருந்து அப்பா வந்து நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. மண்வெட்டி முதலில் அசுரன் மேல் விழுமா, எங்கள் மேலா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் மேலேயே பார்த்தார். இந்த மூஞ்சியை வேலைக்காரருக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் காட்டினேன் என்றேன்.

"இப்படியாடி இருக்கேன்?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. தலையை ஆட்டினேன்.

வேலைக்காரர் கீழே இறங்கி வந்து, "சுதை இன்னும் ஈரந்தாங்க, சொல்லுங்க, மாத்திடுறேன்" என்றார்.

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "வேணாம். இருக்கட்டும்" என்றார். நாலடி போனவர் திரும்பி நின்று, "மீசைய மட்டும் கொஞ்சம் கொறைங்க. எனக்கு அவ்வளவு பெருசு இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் அம்மன் என் கண்ணைக் குத்துவாள். வந்தது. புருவம் ஏறும்போதே அம்மா, "ஏங்க, கோயில்ல விளக்குப் போட்டாச்சான்னு பாத்துட்டு வந்துடுங்களேன்" என்பாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்து, பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுவார். எங்கள் வீட்டில் தட்டு பிறகு விழவே இல்லை. ஊர் பார்க்கத் தன் முகத்தை அங்கே விட்டுவைத்த மனுஷனுக்கு நான் மகள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அவரையும், பேர்கூடக் கேட்டு வைக்காத அந்த வேலைக்காரரையும் நினைத்துக் கையெடுக்காமல் நான் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

இந்த வருஷம் மறுபடி திருப்பணி. வர்ணம் மட்டும் பூசுங்கள், முகத்தில் கரணை வைக்காதீர்கள் என்று வேலைக்கு வந்த புதுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னைக் கைத்தாங்கலாகச் சாரத்தின் முதல் தட்டில் ஏற்றிவிட்டார்கள். இத்தனை வயசுக்கு இப்போதுதான் அவனைக் கிட்டத்தில் பார்க்கிறேன். புருவம் கோபந்தான். உதடும் கோபந்தான். கண் மட்டும் அப்படியில்லை. தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்ற அப்பாவின் கண் அது. அது பயம்.

வேலைக்காரர் எதையும் கூட்டிச் செய்யவில்லை. நான் காட்டியதைத்தான் செய்தார். அந்தக் கண்ணையும் நான்தான் காட்டியிருக்கிறேன். என்ன காட்டினேன் என்றுதான் எனக்கு அப்போது தெரியாது.