கூரை திறக்கும் வண்டிக்கு நான் சொன்ன குறை

எங்கள் குடும்பத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் இருபத்தைந்து வருடம் மோட்டார் பாடம் நடத்தியவன் என்பதால் வந்த மரியாதை. ஆனால் கடந்த பன்னிரண்டு வருடத்தில் ஒரு வண்டியைக்கூட நான் 'எடுத்துக்கலாம்' என்று சொன்னதில்லை. "சித்தப்பாகிட்ட காட்டுனா புது வண்டியே பழசாயிடும்" என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். காரணம் அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கிண்டல் செய்வதில் கொஞ்சம் இரக்கமும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன தையில் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து விழிதியூருக்கு வந்திருந்தான். கூரை திறக்கும் கார் ஒன்று விலைக்கு வருகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றான். இரண்டே இருக்கை, சிவப்பு நிறம், பொத்தானை அழுத்தினால் கூரை பின்னால் மடிந்துகொள்ளுமாம்.

"நம்ம ஊரு வெயிலுக்குக் கூரையத் தொறந்துட்டு ஓட்டணுமாக்கும்? மண்டை காஞ்சிடும்டா" என்றேன்.

சிரித்தான். சிரித்தால் அப்படியே அவன் அப்பா. எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்றால் பொய், தாங்காது. புறப்படும்போது அண்ணியும் கூட வருவதாகச் சொன்னார். வண்டி பார்க்க அவர் ஒருநாளும் வந்ததில்லை.

கோட்டுச்சேரிமேட்டுக்குப் போகும் வழியில் ஒரு சொல்தா வீட்டில் வண்டி நின்றது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வீட்டை எங்கள் பக்கம் இன்னும் அப்படித்தான் சொல்வோம். பெரியவர் தனியாக இருந்தார். பிரான்சில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று வாங்கிப் போட்ட வண்டி. மகன் வந்து ஐந்து வருடமாகிறது. இப்போது அவனே விற்றுவிடச் சொல்லிவிட்டானாம்.

நான் முதலில் பார்ப்பது டயரை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு வருடம். வருடம் கூடிவிட்டால் தேயாத டயரும் ஓடும்போது வெடிக்கும். சில சக்கரங்களில் அந்த எண் உட்பக்கமாகப் போய்விடும். அப்போது தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் வாங்கிய காரில் பின் சக்கரம் ஒன்றில் அப்படித்தான் இருந்தது. நெடுங்காட்டில் போய்ப் பார்த்தோம். அன்று எங்களுக்கு ஒரு கல்யாணம். நான் புது வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். பந்திக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரப்பர் தேயாமல் நன்றாகத்தான் தெரிந்தது, மண்ணில் படுத்தால் வேட்டி பாழாகிவிடும். "எடுத்துக்கலாம்ண்ணே" என்றேன். எட்டு மாதம் கழித்துத் தரங்கம்பாடி தாண்டி அந்த டயர் வெடித்தது. காவல் நிலைய வாசலில் வண்டியைப் பார்த்தபோது கூரை இருக்கை வரைக்கும் இறங்கியிருந்தது. எல்லோரும் பார்க்க அங்கே மண்ணில் படுத்து அந்த எண்ணைப் படித்தேன். ஒன்பது வருடத்துப் பழைய டயர்.

அண்ணன் கருமாதி முடிந்த மறுநாள், எண்ணைப் பார்க்காமல் விட்டதை அண்ணியிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. தீபாவளிக்கு எனக்கு வேட்டி எடுத்துத் தருவதைக்கூட அவர் நிறுத்தவில்லை.

அதிலிருந்து, எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் என் தலைமாட்டில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நிற்கும். அண்ணனுடைய தோல் செருப்பு, இடது வார் தைத்தது. "போதும்டா, பந்தி முடிஞ்சிடும்" என்று குரலும் கேட்கும். எழுந்தால் இருக்காது. இதையெல்லாம் வெளியே சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொல்தா வீட்டிலும் வந்து நின்றது.

நான்கு டயரும் புதிதாக மாற்றியவை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், வெள்ளத்தில் நின்ற கறை இல்லை. எஞ்சின் சத்தம் சுத்தம். பிரேக்கில் குறை இல்லை. பொத்தானை அழுத்தினேன். கூரை முனகாமல் மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. என் தலைக்கு மேல் வெறும் வானம்.

இருக்கைக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கினேன். ஈரம். நாற்றமும் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான்.

பெரியவர் அண்ணன் மகனுக்குக் காகிதங்களைக் காட்ட உள்ளே கூட்டிப் போயிருந்தார். கூரை மடியும் இடத்தில் மழைநீர் வடிய இரண்டு பக்கமும் துளை உண்டு. கம்பியை விட்டு இழுத்தேன். கறுப்பாக அழுகிய சாமந்தி இதழ்கள் கொத்தாக வந்தன. தேங்கியிருந்த தண்ணீர் சலசலவென்று வண்டிக்கு அடியில் ஓடியது. இருக்கையின் போல்ட்டில் மேலாக லேசான துரு, தேய்த்தால் போய்விடும். விரிப்பை இரண்டு நாள் வெயிலில் போட்டால் தீர்ந்தது. போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி, நான் கம்பியைத் துடைத்து மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த இரண்டு பேரிடமும் சொன்னேன்: "அடித்தளம் போச்சு. இருக்கைய புடிச்சிருக்கிற எடத்தையே துரு தின்னுடுச்சு. வேகத்துல பிரேக் போட்டா இருக்கையோட புடுங்கிக்கிட்டு வந்துடும்."

"எப்டிங்க?" என்றார் பெரியவர். "ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நானே கழுவி, சந்தனம் வச்சு, வண்டி நெறையப் பூப் போட்டு வச்சிருக்கேங்க."

கையில் இருந்த இதழ்களைக் காட்டினேன். "இந்தப் பூதாங்க துளைய அடைச்சிருக்கு."

அது மட்டும் உண்மை. அவர் குனிந்து ஈர விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நான் போட்ட பூவா? நல்லதுன்னு நெனச்சுல்ல செஞ்சேன். எம் மவங்கிட்ட என்னான்னு சொல்லுவேன்?"

அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் அந்த மனிதர் தலையில் வைத்துவிட்டு வந்தேன். நம் பிள்ளை பிழைத்தால் போதும் என்று அப்போது நினைத்தேன்.

"அப்ப வேணாமா சித்தப்பா?" என்றான் அண்ணன் மகன்.

"வேணாம்டா."

கதவை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். என் வார்த்தையை நம்பினான். அவன் அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிப் போனான். அண்ணி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணி, அந்த வண்டில ஒண்ணுமில்ல. நான் சொன்னது பொய்."

"தெரியும் தம்பி. பூவ எடுத்ததும் தண்ணி வடிஞ்சத நானும் பாத்தேனே."

"அப்பறம் ஏன் அவங்கிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க வேணாங்கணும்னுதானே கூடவே வந்தேன்."

மனசு கொஞ்சம் லேசானது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று தோன்றியது. போகலாம் என்று எழுந்துவிட்டேன். அவர் ஒரு காம்பை எடுத்து உருவியபடியே, குழம்பில் உப்புக் குறைகிறது என்று சொல்கிற குரலில் கேட்டார்.

"இந்தப் பொய்ய அன்னைக்கு உங்க அண்ணங்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி?"

எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று இத்தனை வருடமும் நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். கேட்டுவிட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் அடுத்த காம்பை எடுத்தார்.