பின்வாசலில் சாப்பிட்ட ஜெயக்கனி அக்கா

தச்சநல்லூரில் நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து சிநேகிதன் சாமுவேல் போனில் கூப்பிட்டான். "ஏலே, ஜெயக்கனி அக்கா போயிட்டாவ. சர்க்கரை கூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே." பிறகு, "அடக்கம் நாலு மணிக்கு. கோவில் கமிட்டிக்காரனுவ பெரிய மாலையா சொல்லியிருக்கானுவ" என்றான். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அந்த மாலையை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அக்கா அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். பாட்டு சுமார்தான். எழுந்து சாட்சி சொல்லி நான் பார்த்ததே இல்லை. அவரை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் எழுத வந்தது அசனத்தைப் பற்றி. அதுவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் பேசுவதில்லை.

எங்கள் கோவிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷா வருஷம் அசனம் நடக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துச் சேர்த்துவைத்து, பண்டிகைக்கு முந்தின வாரம் பெண்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்த அரிசியைப் பொங்கி, கறிக்குழம்பு வைத்து, கோவில் வளாகத்தில் எல்லோரும் தரையில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பெரியவன் சின்னவன் இல்லாத விருந்து என்று குருவானவர் ஜெபத்தில் சொல்லுவார். அவர் அப்படிச் சொல்லும்போது பின்வாசலுக்கு வெளியே கிழக்குத்தெரு ஆட்கள் தூக்குவாளியோடு வெயிலில் நிற்பார்கள். எங்கள் வயலில் நட்டு, களையெடுத்து, அந்த நெல்லை விளைவித்தவர்கள் அவர்கள். வாளியில் சோறும் குழம்பும் ஊற்றி அனுப்பிவிடுவோம். ஊற்றியவர்களில் நானும் உண்டு.

ஒருமுறை அக்கா கமிட்டிச் செயலாளர் செல்வின் அண்ணாச்சியிடம், அவர்களையும் உள்ளே உட்கார வைக்கலாமே என்று கேட்டார். அண்ணாச்சி கோபப்படவில்லை. "அவங்க சபையார் இல்லைலா, ஜெயக்கனி" என்றார் பொறுமையாக. முதல் பந்தியில் நடு இலையில் டவுனிலிருந்து வந்த கவுன்சிலர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. அக்கா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கவுன்சிலர் என்னைக்கி அண்ணாச்சி ஞானஸ்நானம் எடுத்தாரு?" பரிமாறிக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் வெளியே நின்றவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

அன்றைக்கு அக்கா ஒரு இலையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தார். வாளியோடு நின்ற பெண்கள் பதறிப்போனார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் அவர்களுக்கு அவர் டீச்சர். "டீச்சர், நீங்க உள்ள போங்க. எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு." அக்கா சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "அஞ்சு அப்பத்தை அத்தன பேருக்குக் குடுத்தப்ப ஆண்டவர் எல்லாரையும் புல்லுல உக்காரத்தான் சொன்னாரு. பாத்திரம் கொண்டுட்டு வாங்கன்னு சொல்லல."

ஒன்பது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார். மூன்றாம் வருஷம் கிழக்குத்தெரு பேச்சியம்மாள் மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. நானும் போகவில்லை. கையில் குழம்பு வாளியோடு நான் தயங்கி நின்ற ஒரு நாள் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்னத்துக்குலே என்னயப் பாத்து மூஞ்சியத் தொங்கப் போடுத? உக்காரதா இருந்தா உக்காரு. இல்லன்னா போய்க் கொழம்ப ஊத்து, ஆறிப்போவுது." நான் குழம்பு ஊற்றப் போனேன்.

பெருவெள்ளம் வந்தபோது ஆறு கிழக்குத்தெருவை மூழ்கடித்தது. உயரமான இடம் கோவில் மட்டும்தான். அக்கா கமிட்டியைக் கேட்காமலே சாவியை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டார். நான்கு நாட்கள் ஊர் முழுக்க கோவிலுக்குள் இருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அண்டாக் கஞ்சியைக் குடித்தோம். அண்ணாச்சி பேச்சியம்மாளுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இனி மாறிவிடும் என்று நம்பினேன். அக்காவும் நம்பியிருப்பார். அடுத்த அசனத்தில் பின்வாசலில் அதே வாளிகள், அதே வெயில். இலையை எடுத்துக்கொண்டு வெளியே போனவரின் முகத்தை அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் அவர் சாப்பிட்ட கடைசி அசனம்.

அடக்கத்தில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்த சபைக் கூட்டத்தில், அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கக் கமிட்டி தீர்மானம் கொண்டுவந்தது. என்ன தெரியுமா? பின்வாசலில் தகரக் கூரை, வாளி வைக்க ஒரு கல்மேடை, சுவரில் சலவைக்கல்லில் 'ஏழைகளின் பசியாற்றிய ஜெயக்கனி அம்மாள் நினைவாக'. செல்வின் அண்ணாச்சி கண் கலங்கிச் சொன்னார்: "பாவம், வருஷா வருஷம் அங்கனதான் உக்காந்திருப்பா. அவளுக்குப் பிடிச்ச இடம்லா." அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒன்பது வருஷம் ஒரு மனுஷி கண்ணெதிரே மண்ணில் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான் புரிந்திருக்கிறது.

நான் எழுந்து, "அண்ணாச்சி, யாரும் அங்க நிக்கக் கூடாதுன்னுதான் அக்கா அங்க உக்காந்தாவ" என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அவங்களுக்குச் சோறு போட வேண்டாங்கியா?" என்றார். சிரித்தார்கள். சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தீர்மானம் நிறைவேறியது.

பேச்சியம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவராவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "தலைக்கு மேல நெழலாவது கெடைக்குதே தம்பி" என்றார். டீச்சர் இருந்தால் என்ன சொல்லுவார் என்று கேட்டேன். "ஏசுவாவ. ஆனா நெழலையும் வேண்டாம்னு சொல்ல எங்களால முடியுமா?"

ஒரு கிறிஸ்தவரின் வாழ்க்கை அவருக்குப் பின்னும் மற்றவர்களிடம் நிலைக்கும் என்று அடக்க ஆராதனையில் குருவானவர் பேசினார். எங்கள் ஊரில் அது கூரையாக நிலைத்துவிட்டது. அக்காவின் விசுவாசம் எனக்கு வரவில்லை. வரவேண்டும் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: இனி அந்தப் பந்தியில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. வருகிற அசனத்தில் அந்தக் கூரைக்கும் வெளியே, வெயிலில் இலை போட்டு உட்காரப் போகிறேன். சாமுவேலைக் கூப்பிட்டேன். "பாப்போம்" என்கிறான். அக்கா உயிரோடு இருந்தபோது பத்தடி நடந்து அவர் பக்கத்தில் போய் உட்காராதவன் நான். எத்தனை வருஷம் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை.