கப்பல்காரர் ஏழு நாள் சொன்ன சொல்

“தொலோர்னா என்ன?” என்று ஆயா கேட்டபோது அந்த வார்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கப்பல்காரருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்குத் துணையாக இருந்த எனக்கும் தெரியவில்லை.

எலும்பு முறிவு வார்டில் பதினாறு வருடமாகத் தரை துடைப்பவர் ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முனகலைக் கேட்டே யாருக்குத் தண்ணீர், யாருக்குப் பெட்பேன் என்று சொல்லிவிடுவார். கப்பல்காரரின் முனகல் மட்டும் பிடிபடவில்லை.

சரக்குக் கப்பலின் ஏணியிலிருந்து விழுந்தவர் அவர். காலிலும் ஒரு கையிலும் மாவுக்கட்டு, மறு கையில் டிரிப்ஸ். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வராது. கூரையைப் பார்த்து ‘தொலோர், தொலோர்’ என்பார்.

“சம்சாரம் பேரா இருக்கும். வலிச்சா நமக்கும் அந்தப் பேருதானே வாயில வருது,” என்றார் அப்பா. வார்டே சிரித்தது. ஆயாவும் சிரித்தார்.

மொழி தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் சிஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். நோயாளியும் தூக்கினால் ‘வலி இல்லை’ என்று தாளில் ஏறும். கப்பல்காரர் ஆறு நாளும் தூக்கினார்.

ஏழாம் நாள் ஆயா எக்ஸ்ரேக்காரரைக் கையோடு அழைத்துவந்து, அவருடைய போனைக் கப்பல்காரர் வாயருகே பிடிக்கவைத்தார். ‘வலி’ என்று மொழிபெயர்த்தது போன்.

ஆயா அதோடு விடவில்லை. தன் தலையைத் தொட்டு, “தொலோர்?” என்றார். இல்லையென்று கப்பல்காரர் தலையாட்டினார். வயிற்றைத் தொட்டார். இல்லை. காலைத் தொட்டதும் அவர் கண் நிறைந்தது. “தொலோர் தே பியெர்னா.” நாம் கால்வலி என்போம், அவர்கள் வலியைச் சொல்லிவிட்டுத்தான் காலைச் சொல்கிறார்கள். நிறைய வலி என்றால் ‘முச்சோ தொலோர்’. பிறகு ஏன் விரலைத் தூக்கினீர்கள் என்று கேட்டதற்குப் போன் புத்தகத் தமிழில் பதில் சொன்னது: “அவர்கள் காலை வணக்கம் கூறுவதாக நினைத்தேன்.”

ஆயா ஓடிப்போய்ச் சிஸ்டரிடம் சொன்னார். “நீங்க தரையப் பாருங்க ஆயாம்மா, தாள நான் பாத்துக்கறேன்,” என்றார் சிஸ்டர்.

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும் சிஸ்டர்.”

அதிகம் பேசினால் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருக்கும் ஆவியும் பிளீச்சும் ஆயாவின் மூச்சிரைப்புக்கு ஆகாது. இருந்தும் மறுநாள் டாக்டர் வந்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே “தொலோர்?” என்று கேட்டார்.

“முச்சோ. முச்சோ தொலோர்.”

காலைக் காட்டி ஆயா விளக்கியதும் டாக்டர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கால் கறுத்திருந்தது. அன்றே முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். நாலு நாள் முன்னால் பார்த்திருந்தால் கால் பிழைத்திருக்கும் என்றார் டாக்டர், தாளைப் புரட்டியபடி. அந்த வாரமே ஆயா சலவைக்கூடத்துக்குப் போனார்.

ஒருநாள் துணிவண்டியோடு இருமிக்கொண்டே வார்டுக்கு வந்தார். “தொலோர் தே பியெர்னா,” என்றார் கப்பல்காரர். போர்வை கால் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

“இல்லாத கால் எப்படி வலிக்கும்?” என்றார் சிஸ்டர். குரலில் பழைய அதட்டல் இல்லை.

“வலிக்குதுங்கறாரு. எழுதுங்க.”

சிஸ்டர் எழுதினார்.

இதைப் படித்தவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவருக்காவது சொல்லுங்கள். அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.