அத்தா கடையில் அக்காவின் படம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தாவின், அதாவது என் அப்பாவின், துணிக்கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. கறுப்பில் நீலமாக ஒரு தீற்றல், சலவையில் சாயம் இறங்கிய கறை மாதிரி. எந்தக் காலத்திலோ வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம் அது. கண்டுபிடித்தவள் என் அக்கா, அத்தாவின் அண்ணன் மகள். அத்தா பெற்ற மகள் நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கல்லாவைத் தாண்டப் பார்ப்பேன். முடிந்ததில்லை.

அக்கா எதிலும் எனக்கு ஒரு வகுப்பு முன்னால். அவள் அடிக்கோடிட்டு முடித்த புத்தகங்கள்தான் எனக்கு வரும். எது முக்கியம் என்று நான் கண்டுபிடிக்கக்கூட விட்டுவைத்ததில்லை. கடைசியில் ஒரே ஆய்வு நிலையத்துக்கும் வந்து சேர்ந்தோம். எக்ஸ் கதிர்களைக் காற்று விழுங்கிவிடும் என்பதால் அவற்றைப் பார்க்கும் தொலைநோக்கி விண்வெளியில்தான் சுற்ற வேண்டும். அது அனுப்பிய பழைய பதிவுகளில், பிறர் கண்ணுக்குத் தப்பிய மங்கலான மிச்சங்களைத் தேடுவது எங்கள் வேலை. படத்தின் ஓரத்தில் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, அங்கே தெரியும் வெளிச்சத்தை வெறும் பின்னணி என்று வைத்துக்கொண்டு, படம் முழுவதிலிருந்தும் கழிப்போம். மிஞ்சுவதுதான் சரக்கு. என் பங்குக்கு வந்த வானத் துண்டில் மாதக்கணக்காகக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். எதுவும் மிஞ்சவில்லை. சலித்துப்போய் மூடி வைத்தேன்.

அதையடுத்து வந்த விடுமுறையில் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போனோம். கீழேயிருந்து பார்த்தபோது மலைமேல் மேகம் வெள்ளையாகப் படுத்திருந்தது. கரியாலூரில் போய் இறங்கினால் மேகத்தைக் காணோம். எல்லாம் கொஞ்சம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். டீ ஆறிவிட்டதே என்ற எரிச்சலில் நான் இருந்தேன். அக்கா டம்ளரைக் கையில் வைத்தபடி சுற்றிலும் பார்த்தாள்.

"உள்ளயே நின்னுகினு மேகம் எங்கன்னு தேடுறோம் பாரு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ மூடி வச்ச துண்ட நான் ஒரு தடவ பாக்கட்டா?"

"பாத்துக்க. அதுல ஒண்ணும் இல்ல," என்றேன்.

இருந்தது. அவள் பின்னணியை அந்தப் படத்தின் ஓரத்திலிருந்து எடுக்கவில்லை. வானத்தில் வெகுதூரம் தள்ளி வேறொரு வெற்றிடத்திலிருந்து எடுத்தாள். அந்த மிச்சம் என் படத்தின் ஓரம்வரைக்கும், அதையும் தாண்டிப் பரவிக் கிடந்திருக்கிறது. அதைக்கொண்டே அதைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன் நான்! கட்டுரையில் அவள் பெயர் முதலில் வந்தது. என் பெயர் எங்கோ கடைசியில். அதுவும் அவள் வற்புறுத்திச் சேர்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. ஒரே மேகத்துக்குள் நின்று ஒரே டீயைத்தானே குடித்தோம், அவளுக்கு வந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை?

போன பெருநாளுக்கு முன் கடையில் நல்ல கூட்டம். நாங்கள் இருவரும் அத்தாவுக்கு ஒத்தாசையாக நின்றோம். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"இது இன்னா பாய்?"

"எங்க வூட்டுப் பொண்ணு வானத்துல கண்டுபுடிச்சதும்மா," என்றார் அத்தா, வழக்கமான பெருமையோடு.

அந்த அம்மா கல்லா அருகே நின்ற என் பக்கம் திரும்பினார். "நீங்களாம்மா?"

ஆமாம் என்ற சொல் எனக்கு நுனி நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் பின்னால் புடவை மடித்துக்கொண்டிருந்த அக்கா, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆமாங்க, அவதான்."

கல்லாவுக்கு மேலே அந்த நீலக் கறை அப்படியே இருந்தது. அந்தப் பொய்யைக்கூட என்னை முந்திக்கொண்டு அவளே சொல்லிவிட்டாள்.