முதலாவது கசக்கும்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் தெருவில் யார் எங்கே போய்வந்தாலும், "என்ன கொண்டுவந்தனீங்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. நான் உருகுவே போய்வந்தபோது மட்டும் கேள்வி மாறிவிட்டது. "அக்கா, அங்க பாம்பு கிடந்ததோ? காட்டுக்குள்ளயோ இருந்தனீங்கள்?" என்று எதிர்வீட்டுப் பிள்ளை கேட்டாள். தென்னமெரிக்கா என்றால் எல்லோருக்கும் ஒரே காடுதான். அவளைச் சொல்லி என்ன, நானும் போகும் முன் நுளம்புக் கடிக்குப் பூசுகிற எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கி வைத்தவள்தானே. அங்கே பாம்பையும் காணவில்லை, காட்டையும் காணவில்லை. கடற்கரையோரமாக நீண்டு போகிற தெரு, பழைய கல் கட்டடங்கள், பஸ்ஸுக்கு நிற்கிற சனம். நான் வாய் பிளந்து பார்த்த விஷயங்கள் வேறு.

போனது மகனைப் பார்க்க. எனக்கு அவன் ஒருவன்தான். லண்டனில் படிக்கிற காலத்தில் சந்தித்த பெண்ணைக் கட்டினான். அவளுடைய தாய் இறந்து தகப்பன் தனித்துப்போனதும், இருவரும் அவளுடைய நாட்டுக்குப் புறப்பட்டார்கள். "ரெண்டு வருஷம்தான் அம்மா," என்றான். என் மனிசனும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், நானும் தனிதான். அதைச் சொல்லிக் காட்டினால் தாயா மாமனாரா என்று வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு அனுப்பினேன். இரண்டு வருஷம் முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. அவனுடைய அறையில், படுக்க ஆளில்லாத கட்டிலுக்கு, மாதாமாதம் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். எப்போது வருவாய் என்று போனில் கேட்டால், "பாப்பம் அம்மா." முகத்துக்கு முன்னால் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்? அதைக் கேட்கத்தான் போனேன். தெருவுக்குச் சொன்னது, சுற்றுலா.

விமான நிலையத்தில் கதவைத் தாண்டினதும் மகன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான், மருமகள் கட்டிப்பிடித்தாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற சம்பந்தி, நரைத்த மீசைக்கார மனிசன், நேரே வந்து என் கன்னத்தில் முத்தம் வைத்துக் கொஞ்சினார். எனக்கு உயிரே போய்விட்டது. என் கலியாண வீட்டில்கூட என்னை ஒருவரும் சபை நடுவில் கொஞ்சினதில்லை! "டேய், என்னடா இது?" என்று மகனைப் பார்த்தேன். "அம்மா, இங்க எல்லாரும் அப்பிடித்தான். ஹலோ சொல்லுற மாதிரி. முகத்தைச் சுளிக்காதேங்கோ," என்று சிரித்தான். அதற்குப் பிறகு மருமகளின் சிநேகிதி வந்தாலும் கன்னம், பக்கத்து வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டாலும் கன்னம். ஒரு கிழமை போக, நானே கன்னத்தை நீட்டப் பழகிவிட்டேன்.

தை மாதத்தில் லண்டனில் கோட்டும் தொப்பியுமாக விமானம் ஏறினவள், அங்கே கோடை வெயிலில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றேன். இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு; நான் எட்டரைக்கே கொட்டாவி விடுகிறவள். மிளகாய் அந்தக் கண்டத்தில்தான் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம், ஆனால் அந்த வீட்டில் அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. வெறும் உப்பைப் போட்டு இறைச்சியை நெருப்பில் வாட்டித் தின்கிறார்கள். நான் கொண்டுபோன யாழ்ப்பாணத்துத் தூளை மோந்து பார்த்த சம்பந்தி தும்மத் தொடங்கினவர், நிறுத்தப் பெரும்பாடு பட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாமி மச்ச மாமிசம் தொடமாட்டா என்று மருமகள் சொல்லி வைத்திருந்தாள். பாவம் மனிசன், எனக்கென்று அக்கறையாக, தனியாக, ஒரு கோழி வாட்டி வைத்திருந்தார். இறைச்சி என்றால் அவருக்கு மாடு மட்டும்தானாம், கோழி கணக்கில் வராதாம். நான் உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு எழும்பினேன்.

எல்லாவற்றையும்விட என்னை மலைக்க வைத்தது சுடுதண்ணீர்ப் போத்தல்தான். ஆண், பெண், பொலிஸ்காரர், பிள்ளைத்தாய்ச்சி என்று ஆர் எவர் என்றில்லாமல், கமக்கட்டுக்குள் ஒரு போத்தலை இடுக்கிக்கொண்டு, கையில் சிறிய சுரைக்குடுக்கையோடு திரிகிறார்கள். குடுக்கைக்குள் காய்ந்த பச்சை இலைத்தூள், அதற்குள் குத்தி நிற்கிற ஒரு உலோகக் குழாய். சுடுதண்ணீர் ஊற்றி அந்தக் குழாயால் உறிஞ்சிக் குடிப்பார்கள். மாத்தே என்று பெயர். கடற்கரையில், கடை வாசலில், பஸ் தரிப்பிடத்தில், எங்கே பார்த்தாலும் இந்தக் குடியும் கதையும்தான்.

முதல் நாள் பின்னேரம் முற்றத்தில் நாலு கதிரை போட்டார்கள். சம்பந்தி குடுக்கைக்குள் தண்ணீர் ஊற்றினார். விருந்தாளி நான்தானே, எனக்குத்தான் முதலில் வரும் என்று சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஆயத்தமாக இருந்தேன். மனிசன் குழாயைத் தன் வாயில் வைத்து, ஆற அமர, அடிவரை உறிஞ்சிக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்த ஆளை முன்னால் வைத்துக்கொண்டு தான் முதல் குடிக்கிறதோ? எங்கள் ஆட்களில் ஒருவர் இப்படிச் செய்தால் சம்பந்தமே முறிந்துவிடும், ஏழு தலைமுறைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். அதுவும் போதாதென்று, அதே குடுக்கையில் திரும்ப ஊற்றி, அதே குழாயோடு என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாமடா தம்பி. அந்த மனிசன்ர எச்சில்," என்று தமிழில் சொன்னேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். மகன் அதை என்னவென்று மாற்றிச் சொன்னானோ, சம்பந்தி தலையாட்டிவிட்டுக் குடுக்கையை மருமகளிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவர் ஒரு தடவை என் பக்கம் நீட்டுவார், நான் கையை ஆட்டுவேன், குடுக்கை என்னைத் தாண்டிப் போகும். நான் லண்டனிலிருந்து கொண்டுபோன தேயிலையில் பால் தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு இருப்பேன். அந்த வீட்டின் கதை முழுக்க அந்தச் சுற்றில்தான் நடந்தது. கூரை ஒழுகுவது, வேலையிடத்துச் சண்டை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம். மகன் அவர்களுடைய மொழியில் கடகடவென்று கதைத்தான். என்னோடு தமிழில் அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்ததே இல்லை. அவன்ர தகப்பன் இருந்த காலத்தில் கேட்ட அவனுடைய சிரிப்பை அங்கே திரும்பக் கேட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் அவன் இருந்தான், நான் அவனுக்காக ஏங்கிக்கொண்டு இருந்தேன். கேட்க வந்த கேள்வியைக் கேட்க ஒரு தனிமையும் வாய்க்கவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் சம்பந்தியும் மருமகளும் சாமான் வாங்கப் போனார்கள். மகன் இரண்டு கதிரையை மட்டும் போட்டு, போத்தலோடு வந்து இருந்தான்.

"இண்டைக்காவது குடிச்சுப் பாருங்கோவன் அம்மா. என்ர எச்சில்தானே."

அவன் சின்னனில் மிச்சம் விட்ட சோற்றையெல்லாம் வழித்துத் தின்றவள் நான். அவனிடத்தில் எனக்கு ஏது எச்சில்? கையை நீட்டினேன். அவன் தரவில்லை. ஊற்றினான், தான் குடிக்கத் தொடங்கினான்.

"நீயும் அந்த மனிசனைப் போலதானோ? பெத்த தாய் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறன், நீ குடிக்கிறாய்!"

குழாயை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். "அம்மா, முதலாவது கசக்கும். தூளும் வாய்க்குள்ள வரும். ஊத்திற ஆள்தான் அதைக் குடிக்கோணும். வந்த ஆக்களுக்கு அதைக் குடுக்கக்கூடாது. உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் அந்த மனிசன் ஒவ்வொரு பின்னேரமும் கசப்பைத் தான் எடுத்துக்கொண்டு நல்லதை அல்லவா என் பக்கம் நீட்டியிருக்கிறார்!

மகன் மிச்சத்தைக் குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவற்காய்க் கறி வைத்தால் மேசைக்குக் கீழே ஒளிகிற பிள்ளை அவன். காய்ச்சல் மருந்து கொடுக்க மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைக்க வேண்டும், பாதியைத் துப்பிவிட்டு அழுவான். இப்போது கசப்பை அடிவரை குடிக்கிறான், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பதில் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன்.

"எப்ப தம்பி வீட்டை வாறாய்?"

அவன் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினான். "நான் இனி அங்க வந்து இருக்கமாட்டன் அம்மா. உங்களுக்குச் சொல்லப் பயமா இருந்தது. நீங்கள் இங்க வாங்கோ. எங்களோட இருங்கோ."

"ஒருக்கா நாட்டை விட்டு வெளிக்கிட்டது போதும் ராசா. இன்னொருக்கா வெளிக்கிட என்னால ஏலாது."

"தெரியும் அம்மா," என்றான். கண் கலங்கியிருந்தது. குடுக்கையை என் கையில் வைத்து, கொஞ்ச நேரம் தன் கையை எடுக்காமல் இருந்தான்.

இரண்டாவது அவ்வளவு கசக்காது என்றான். கசந்தது. அடிவரை குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் விமான நிலையத்துக்குப் போகும் முன் சம்பந்தி வழக்கம்போல ஊற்றினார், குடித்தார், வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். மனிசனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே போய் ஒரு புதிய குடுக்கையும் குழாயும் இலைத்தூள் பையும் கொண்டுவந்து என் பெட்டிக்குள் திணித்துவிட்டார். விடைபெறும்போது நான்தான் முதலில் கன்னத்தை நீட்டினேன்.

இல்ஃபோர்டில் அதைக் குடிக்க எனக்குத் துணை இல்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் ஊற்றிக் கொடுத்தேன். நான் முதல் குடித்ததைப் பார்த்து அவளுக்கு முகம் போன போக்கைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அக்கா, எனக்குத் தேத்தண்ணியே போடுங்கோ," என்றாள். போட்டுக் கொடுத்தேன். மகனுடைய கட்டில் விரிப்பை இப்போது மாற்றுவதில்லை, மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் குசினி மேசையில் சீனிப் பேணியோடு சாய்த்து வைப்பேன். இங்கே இருட்டியிருக்கும், அங்கே முற்றத்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். அவன் அங்கே ஊற்றுவான், நான் இங்கே ஊற்றுவேன். இரண்டு பேரும் ஊற்றுகிற ஆட்கள், அதனால் இரண்டு பேருக்கும் கசப்புத்தான். குடித்து முடித்து அடுத்ததை ஊற்றினதும், பழக்க தோஷத்தில் அவன் கை போனை நோக்கி நீண்டு வரும். "இந்தாங்கோ அம்மா," என்பான். பிறகுதான் நினைவு வந்து, சிரித்துக்கொண்டு மருமகளிடம் கொடுப்பான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒவ்வொரு முறையும் என் கையும் நீண்டுதான் விடுகிறது.